மாவு ஒன்று, கல் மூன்று

போன மார்ச் மாதத் தண்ணீர் லாரிக் கணக்கு எங்கள் அடுக்ககத்தில் இரண்டு தாளாக வந்தது. முதல் தாளில் கணக்கு முழுக்க இருந்தது. இரண்டாவது தாளின் தலையில் ஒரே ஒரு சொல், ‘செயலாளர்’, மீதி வெள்ளை. லிஃப்ட் பக்கத்துச் சுவரில் இரண்டையும் ஒட்டிவிட்டு நின்ற செயலாளர் சாருக்கு மனசு ஆறவில்லை. “நாலு வருஷமா ஒரே பக்கத்துல வந்ததும்மா. இப்ப ஏன் என் கையெழுத்து மட்டும் தனியா நிக்குது?” என்றார். பொருளாளர், மூன்றாம் மாடித் தம்பி. “அக்கா, சத்தியமா நான் ஒரு எழுத்துகூட மாத்தல. எத்தனை லாரி, எவ்வளவு தொகை, தேதி, அவ்வளவுதான் போட்டேன்” என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவிலிருந்து நடக்கிற தூரம் எங்கள் கட்டடம். சங்கக் கடிதங்களுக்கென்று சார் ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்திருந்தார். மேலே சங்கத்தின் பெயர், பதிவு எண். நடுவில் கட்டம் போட்ட கணக்கு. கீழே கையெழுத்துக்கு இடம். அவரிடம் இருப்பது விண்டோஸ் 7 ஓடும் டெஸ்க்டாப். தம்பியிடம் மேக். அவர்கள் ஊரில் இல்லாத மாதங்களில் கணக்கைப் போடுவது நான். என் மகனுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பில், இப்போது உபுண்டு ஏற்றி, லிப்ரே ஆபீஸில். ஒரே டெம்ப்ளேட், மூன்று வீடு, மூன்று அடுப்பு.

டெம்ப்ளேட்டைத் தமிழில் வார்ப்புரு என்கிறோம். தோசை வார்க்கிற நமக்கு இந்தச் சொல் கைக்கு அருகில் இருக்கிறது. அரிசியும் உளுந்தும் ஒன்றாக இருந்தாலும் இரும்புக் கல்லில் வார்த்த தோசை வேறு, நான்ஸ்டிக்கில் வார்த்தது வேறு. டெம்ப்ளேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது நாம் அனுப்புவது மாவும் அதன்மேல் ஒட்டிய ஒரு சீட்டும் மட்டுமே. ‘லதா என்ற கல்லில் வார்க்கவும்’ என்று சீட்டு சொல்லும்; லதா ஓர் எழுத்துருவின் பெயர். கல் அந்தப் பொட்டலத்தில் இருக்காது. வாங்கிக்கொண்ட வீட்டில் லதா இல்லையென்றால், அங்கே இருக்கிற ஏதோ ஒரு கல் அடுப்பில் ஏறும். யாரையும் கேட்காது.

இதை நான் நம்பியது பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த பிறகுதான். நீங்களும் பார்க்கலாம். வேர்ட் டெம்ப்ளேட்டின் பெயர் டி.ஓ.டி.எக்ஸ். என்று முடியும். அதன் நகல் ஒன்றை எடுத்து, அந்த நான்கு எழுத்தை அழித்துவிட்டு ஜிப் என்று எழுதித் திறந்தால், உள்ளே டிபன் கேரியர் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஜிப் என்பது ஃபில் காட்ஸ் 1989இல் வெளியிட்ட பொதி முறை. இன்றைய வேர்ட் கோப்பும் லிப்ரே ஆபீஸ் கோப்பும் இரண்டுமே அந்தக் கேரியரில்தான் வருகின்றன.

ஓர் அடுக்கில் நாம் தட்டிய வாசகம். இன்னொன்றில் ஸ்டைல்கள். இது வீட்டு அஞ்சறைப்பெட்டி: தலைப்புக்கு எந்த எழுத்து, எந்த அளவு, பத்திக்கு எவ்வளவு இடைவெளி என்று தனித்தனிக் கிண்ணமாக இருக்கும். 12 புள்ளி எழுத்தை இங்கே 24 என்று குறித்திருப்பார்கள். உள்ளே எல்லாம் பாதிப் புள்ளிக் கணக்கு. மற்றோர் அடுக்கு எழுத்துருப் பட்டியல், அதாவது மளிகைச் சீட்டு. சீட்டில் பெயர் இருக்கும், சரக்கு இருக்காது. கேரியரின் மூடியில் ஒரு குறிப்பும் உண்டு: உள்ளே இருப்பது ஆவணமா, டெம்ப்ளேட்டா என்று சொல்லும் வரி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே அந்த ஒரு வரிதான். சாதாரண வேர்ட் கோப்பின் வால் பெயரை மட்டும் மாற்றி டெம்ப்ளேட் ஆக்கிவிட முடியாது என்பதும் இதனால்தான். வெளியே ஒரு பெயர், மூடியில் ஒரு பெயர் என்றால் வேர்ட் திறக்க மறுக்கும். ‘சேவ் ஆஸ்’ போய் டெம்ப்ளேட் என்று தேர்ந்தெடுத்தால்தான் மூடிக் குறிப்பும் மாறும்.

தீம் என்றோர் அடுக்கு உண்டு. அதைத் திறந்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. உலகத்து எழுத்து முறைகளுக்கெல்லாம் நான்கெழுத்துக் குறி போட்டு, எதிரே எந்த எழுத்துரு என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஜப்பான், கொரியா, அரபு, வங்காளம், கன்னடம். அந்த வரிசையில் டி-ஏ-எம்-எல் என்று ஒரு வரி, எதிரே ‘லதா’. சார் எழுத்துருவே தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்காக அந்த வரி தேர்ந்தெடுத்திருந்தது.

லதா, விண்டோஸ் 2000உடன் வந்த எழுத்துரு. பல வருடம் தமிழ்க் கணினிக்கு அதுவே அன்றாடக் கல். விண்டோஸ் 8இல் நிர்மலா என்ற எழுத்துரு வந்தது. விண்டோஸ் 10 முதல் லதாவைக் கூடுதல் பொருளாகப் பரணில் ஏற்றிவிட்டார்கள். வேண்டுமென்றால் செட்டிங்ஸில் போய்த் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களை இறக்கிக்கொள்ள வேண்டும். ஆக, ஒரே விண்டோஸ் வைத்திருக்கும் இரண்டு வீட்டுக்குள்ளேயே கல் மாறிவிட்டது. மேக்கில் தமிழ் எம்.என்., தமிழ் சங்கம் எம்.என். என்று இரண்டு உண்டு. அந்த எம்.என்., மலேசியாவின் முத்து நெடுமாறன். முரசு அஞ்சல் தந்தவர் அவர். என் உபுண்டுவில் லோகித் தமிழ். எல்லாமே நல்ல எழுத்துருக்கள். ஆனால் ‘கீ’யின் மேல்சுழி எவ்வளவு உயரம் போகும், ‘கூ’வின் வால் எவ்வளவு கீழே இறங்கும் என்பதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அதற்குத் தக்கபடி வரியின் உயரமும் மாறும்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். மேலும் கீழும் ஓர் அங்குலம் விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 246. ஒவ்வொரு வரியும் அரை மில்லிமீட்டர் தடித்தால், 40 வரியில் 20 மில்லிமீட்டர் போய்விடும். மூன்று வரிக்கான இடம் அது. பக்கத்தின் கடைசி வரி எதுவோ அதுதான் கீழே விழும். எங்கள் கணக்கில் கடைசி வரி ‘செயலாளர்’.

இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடப்பதுதான் எனக்கு ஆற்றாமை. வேர்டில் எழுத்துருப் பெட்டி ‘லதா’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். திரையில் நிற்பது வேறொன்று. விண்டோஸ் வேர்டில் ஆப்ஷன்ஸுக்குள் அட்வான்ஸ்டு பகுதியின் உள்ளே எழுத்துரு மாற்றீடு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எதற்குப் பதில் எது போயிருக்கிறது என்று தெரியும். எத்தனை பேர் அங்கே போவார்கள்? லிப்ரே ஆபீஸ் இதில் மேல். எழுத்துரு கைவசம் இல்லையென்றால் அதன் பெயரைச் சாய்வெழுத்தில் காட்டும். அந்தச் சாய்வைப் பார்த்துத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டேன்.

தமிழுக்கு இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. உப்புக்கும் சர்க்கரைக்கும் வேறு டப்பா வைப்பதுபோல, வேர்டும் லிப்ரே ஆபீஸும் ஆங்கில எழுத்துக்கு ஓர் அறை, தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்கு வேறோர் அறை வைத்திருக்கின்றன. இந்த இரண்டாவது வகையைச் சிக்கலான எழுத்து முறை (காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்) என்கிறார்கள். எழுத்துருவும் அளவும் தடிமனும் இரண்டு அறையிலும் தனித்தனியாகப் பதிவாகும். நீங்கள் ஸ்டைலில் ஆங்கில அறைக்கு மட்டும் 12 என்று வைத்து, தமிழ் அறையைத் தொடாமல் விட்டால், அதில் பழைய அளவு எதுவோ அதுவே கிடக்கும். ‘நான் 12 வைத்தேன், அங்கே 10ஆகத் தெரிகிறது’ என்று புலம்புகிறவர்கள் முதலில் திறக்க வேண்டிய டப்பா இது. லிப்ரே ஆபீஸ் ஸ்டைல் பெட்டியில் இரண்டு அறையையும் பார்க்கலாம்.

சாரின் டெம்ப்ளேட்டில் எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ச்சி இதுவல்ல. சங்கத்தின் பெயர் என் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக நின்றது. பல வருடம் முன்னால் ஒரு டி.டி.பி. கடையில் அடித்த விதிமுறைப் புத்தகத்திலிருந்து அந்த வரியை சார் அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். எழுத்துரு, பாமினி.

இளைய வாசகர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். பாமினி மாதிரியான எழுத்துருக்களில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி மனத்தில் வைத்துக்கொள்வது தமிழ் அல்ல. ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. அவ்வளவே. ஜே என்ற எழுத்தின் இடத்தில் ‘த’ என்று ஓர் உருவம் வரைந்து வைத்திருப்பதால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி, வெளியே ‘உப்பு’ என்று ஒரு சீட்டு ஒட்டி வைப்பது போல. அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். சீட்டு உதிர்ந்து டப்பா அடுத்த வீட்டுக்குப் போனால் பாயசத்தில் உப்பு விழும். கல் மாறினால் தோசை சற்றுத் தடிமனாக வரும், பசிக்குச் சாப்பிடலாம். டப்பா மாறினால் வாயில் வைக்க முடியாது.

இந்தத் துன்பத்தை மாற்றத் தமிழர்கள் நிறையப் பாடுபட்டிருக்கிறார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியே தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளும் அரசின் தரங்கள் ஆயின. ஆனால் யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே தனி இடம் கிடைத்திருந்தது. ‘த’ என்றால் உலகம் முழுக்க ‘த’ என்று அதில்தான் அமைந்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. கூடவே டேஸ் 16 என்ற முறையையும். அதற்குப் பிறகும் கடைகளில் பாமினியும் அலுவலகங்களில் வானவில் எழுத்துருவும் நெடுநாள் ஓடின. பழைய டெம்ப்ளேட் ஒவ்வொன்றும் ஒரு பழைய டப்பா. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவியில் இட்டு அந்த ஒரு வரியை யூனிகோடுக்கு மாற்றினேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

என் லேப்டாப்புக்கும் இதில் ஒரு கதை உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று, நம் திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில், மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டம் தொடங்கியது. அதே நாளில்தான் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் தொடங்கியது. பல வீடுகளுக்குக் கணினியும் கிரைண்டரும் ஒரே அரசிடமிருந்து, ஒன்றையொன்று ஒட்டி வந்து சேர்ந்தன. அந்தத் தொடக்ககால லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது; சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. ஒரே பெட்டிக்குள் இரண்டு அடுக்களை. விண்டோஸ் பக்கம் செய்ததை லினக்ஸ் பக்கம் திறந்து பார்த்த பிள்ளைகளுக்கு இந்த எழுத்துருச் சங்கடம் அன்றே அறிமுகம். அதைப் பாடமாக உட்கார வைத்துச் சொல்லித் தர ஆளில்லாமல் போனது வருத்தம்.

கேரியரிலேயே இரண்டு வகை இருப்பதையும் சொல்ல வேண்டும். லிப்ரே ஆபீஸின் சொந்த வகை ஓ.டி.எஃப்.; அது 2006இல் ஐ.எஸ்.ஓ. தரமானது. டெம்ப்ளேட் என்றால் அங்கே ஓ.டி.டி. என்று முடியும். வேர்டின் வகை 2008இல் தரமானது. அதை ஏற்கலாமா என்ற வாக்கெடுப்பில் இந்தியா 2007இலும் மறுத்தது, 2008இலும் மறுப்பில் நின்றது. ஏற்கெனவே ஒரு படி இருக்கும் சந்தைக்கு இன்னொரு படியைக் கொண்டுவந்தால் அளப்பவருக்குத்தான் அலைச்சல். அந்த மறுப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். இன்று இரண்டு மென்பொருளும் மற்றதன் கேரியரைத் திறக்கும். ஆனால் ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் மாற்றி மாற்றி ஊற்றும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மிதக்கும் எழுத்துப் பெட்டிகள் முதலில் நகரும். அதனால் முகவரியை எழுத்துப் பெட்டியில் வைக்காமல், கோடு தெரியாத அட்டவணைக் கட்டத்தில் வைப்பது நல்லது. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி வலப்பக்கம் கொண்டுபோவது கண்ணளவுச் சமையல். எழுத்துரு மாறியதும் முதலில் கெடுவது அதுதான்.

மேக்ரோ வைத்த டெம்ப்ளேட், டி.ஓ.டி.எம்., வேறு சங்கதி. அது மாவோடு மிக்ஸியையும் சேர்த்து அனுப்புவது. இங்கே 230 வோல்ட்டுக்குச் செய்த மிக்ஸியை அமெரிக்காவின் 120 வோல்ட் சுவரில் செருகினால் என்ன ஆகும் என்பது பிள்ளைகளை அங்கே அனுப்பிய வீடுகளுக்குத் தெரியும். மேக் வேர்டின் 2008 பதிப்பில் மேக்ரோ ஓடவே ஓடாது. 2011இல்தான் அந்த வசதி திரும்பி வந்தது. லிப்ரே ஆபீஸ் சிலதை ஓட்டும், சிலதை விட்டுவிடும். வீட்டுக் கணக்குக்கு மேக்ரோ வேண்டாம்.

அமெரிக்கர்கள் செய்த டெம்ப்ளேட்டில் தாளும் மாறும். அவர்களது லெட்டர் தாள் 279 மில்லிமீட்டர் உயரம். நம் ஏ4ஐவிட 18 குறைவு, அகலத்தில் 6 கூடுதல். பட்டணம் படிக்கும் ஊர்ப்படிக்கும் இருந்த வித்தியாசம் மாதிரி. பக்க அமைப்பை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

இன்னொன்று, விலாசம். டெம்ப்ளேட்டிலிருந்து பிறந்த ஆவணம் தன் தாய் எங்கே இருக்கிறாள் என்று உள்ளே குறித்து வைத்துக்கொள்ளும்: சி டிரைவ், யூசர்ஸ், இன்னார் பெயர், அதற்குள் இன்ன ஃபோல்டர் என்று. என் லினக்ஸில் சி டிரைவ் என்பதே கிடையாது. மேக்கில் டெம்ப்ளேட்டுகள் குடியிருக்கும் லைப்ரரி ஃபோல்டர் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். விண்டோஸில் ஆப்டேட்டா அப்படி. லினக்ஸில் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஆங்கிலப் பெயரில் முதலெழுத்தைப் பெரிதாக எழுதினால் ஒரு கோப்பு, சின்னதாக எழுதினால் வேறு கோப்பு. விலாசம் பொய்யானாலும் ஆவணம் திறக்கும், ஏனென்றால் தேவையான ஸ்டைல்களை ஏற்கெனவே தன் கேரியரில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும். தாய் டெம்ப்ளேட்டை சார் திருத்தினால் அந்தத் திருத்தம் மட்டும் நம் வீட்டு ஆவணத்துக்கு வந்து சேராது.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று கணினியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சாரின் டெஸ்க்டாப்பைத் தம்பிதான் தூக்கி வந்தார்.

எல்லோர் வீட்டிலும் ஒரே கல் வேண்டும் என்பது முதல் முடிவு. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை மூன்றிலும் நிறுவினோம். கூகுள் வெளியிட்ட இலவச எழுத்துரு. யாருக்கும் கொடுக்கலாம், ஆவணத்துக்குள் பொதிந்தும் அனுப்பலாம். எழுத்துரு இல்லாத இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும் அல்லவா, அதற்கு அந்தத் துறையில் ‘டோஃபு’ என்று பெயர். ‘டோஃபு இல்லை’ என்பதே நோட்டோ என்ற பெயரின் பொருள். ஸ்டைலில் ஆங்கில அறை, தமிழ் அறை இரண்டிலும் அதையே வைத்து, இரண்டுக்கும் 12 புள்ளி கொடுத்தோம்.

அடுத்து வரி உயரம். ‘சிங்கிள்’ என்று விட்டால் உயரத்தை எழுத்துரு முடிவு செய்யும். அதை ‘எக்ஸாக்ட்லி’ என்று மாற்றி 18 புள்ளி கொடுத்தோம். கல் மாறினாலும் வரி தடிக்காது. தம்பி முதலில் 12 வைத்துப் பார்த்தார்; ‘கீ’யின் மேல்சுழி சீவப்பட்டு வந்தது. இட்லித் தட்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் மேல்தட்டில் இட்லியின் தலை ஒட்டிக்கொள்கிற மாதிரி. 18இல் சுழியும் வாலும் முழுசாக நின்றன.

பிறகு எழுத்துருவைக் கோப்புக்குள் பொதிந்தோம். விண்டோஸ் வேர்டில் ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் அதற்கு ஒரு கட்டம். லிப்ரே ஆபீஸில் கோப்பின் பிராப்பர்ட்டீஸில் ஃபான்ட் பகுதியில். இப்போது மாவோடு கல்லும் போகிறது. மறுபடி ஜிப்பாகத் திறந்து காட்டினேன். ஃபான்ட்ஸ் என்று புதிதாக ஓர் அடுக்கு சேர்ந்திருந்தது. சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

டெம்ப்ளேட்டைத் திருத்துவது சார் மட்டும் என்றும் பேசிக்கொண்டோம். தம்பியும் நானும் அதை இரட்டைச் சொடுக்கில் திறப்போம், பெயரில்லாத புது ஆவணம் பிறக்கும், அதில் எழுதுவோம். ‘ஓப்பன்’ கொடுத்துத் திறந்து ‘சேவ்’ அடித்தால் அச்சிலேயே மாவை ஒட்டவிட்டதாகும். போன வருடக் கணக்கு ஒன்று டெம்ப்ளேட்டுக்குள் உறைந்து கிடந்ததற்கு அதுதான் காரணம்.

டெப்போ பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு மட்டும் பி.டி.எஃப். கொண்டுபோகிறோம். அங்கே மாவை நீட்ட வேண்டியதில்லை. வார்த்து முடித்த தோசையைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம்.

ஏப்ரல் கணக்கைத் தம்பி மேக்கில் போட்டார். நான் அதை உபுண்டுவில் திறந்து பார்த்தேன், சார் விண்டோஸில் பார்த்தார். தாள் ஒன்று. சங்கத்தின் பெயர் தமிழில் இருந்தது. கீழே இரண்டு விரல் இடம் விட்டு ‘செயலாளர்’. லிஃப்ட் பக்கத்தில் நின்றபடியே சார் பேனாவை எடுத்து அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.